வார்

தெருமுனையில் அட்டைப் பெட்டிகளையும்
உடைந்த நாற்காலிக் கால் ஒன்றையும் போட்டுத்
தீ மூட்டினோம்.
முழவுகளைச் சுற்றிலும் சாய்த்து வைத்தோம்,
குளிர்காய வந்தவர்களைப் போல.
மொந்தேவிதேயோவின் ஆகஸ்ட் ஈரத்தில்
தோல் தொளதொளத்துப் போகும்.
காய்ந்தால்தான் பேசும்.

இஸொலினா மூன்று மாதம் கழித்து வந்தாள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
வாய் சும்மா இராத நெல்பா மட்டும்
"இளைத்துவிட்டாயே" என்றாள்.
"ஒரு பக்கம்தான்" என்றாள் அவள்.

சிரிக்கலாமா என்று தெரியாமல்
தீயைப் பார்த்தோம்.
அவளே முதலில் சிரித்தாள்.

அவள் வாசிப்பது எங்களிடம் இருப்பதிலேயே பெரிய முழவு.
அதன் பெயர் பியானோ.
வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த மருத்துவர்
"இனி பளு தூக்கக் கூடாது,
ஏதாவது தூக்குவீர்களா?" என்று கேட்க,
"ஞாயிறுதோறும் ஒரு பியானோ" என்றாளாம்.
அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

எங்கள் அம்மாக்கள் இதே தெருவில் ஆடினார்கள்.
முழவு ஆண்களின் தோளில் இருந்தது.
நாங்கள் எடுத்த முதல் வருடம்
மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர்
வாளித் தண்ணீரை ஊற்றினார்.
தோல் நனைந்தது.
மறுபடி தீ மூட்ட
ஒரு மணி நேரம் ஆயிற்று.
அந்த ஒரு மணி நேரமும் அவர்
பால்கனியிலேயே நின்றிருந்தார்,
நாங்கள் போகிறோமா என்று பார்க்க.

நான் வாசிப்பது சின்ன முழவு.
அதில் முதல் அடியை அடிக்கக் கூடாது.
அடிக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு
அடுத்த மூன்றையும் அடிக்க வேண்டும்.
கற்றுக்கொள்ள இரண்டு வருடம் பிடித்தது.
கை எப்போதும் அந்தக் காலியிடத்தை
நிரப்பத்தான் ஓடுகிறது.

ஸுல்மா வரவில்லை இன்னும்.
நகர்மன்றத்தில் கூட்டம்.
பழுதாகி நிற்கும் பரிசோதனை வண்டியை
ஓட வைப்பது பற்றி ஐந்து பேர் வாக்களிக்கிறார்கள்.
இஸொலினாவின் கட்டி நெல்லிக்காயளவு இருக்கையில்
எங்கள் பேட்டைக்கு வந்திருக்க வேண்டிய வண்டி அது.

இஸொலினா வாரை எடுத்து மாட்டினாள்.
இருபது வருடம் போன வழியே போனது வார்,
இடது தோள், நெஞ்சின் குறுக்கே, வலது இடுப்பு.
முகம் வெளுத்தது.
தோள் மாற்றினாள்.
முழவு முட்டியில் இடித்தது,
கோல் தப்பான கையில் இருந்தது.
இறக்கி வைத்துவிட்டுத்
தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ஸுல்மா வந்தாள்,
குதிகால் செருப்பைக் கையில் பிடித்தபடி.
"மூன்றுக்கு இரண்டு. தோற்றோம்.
தலைவர் 'அந்தப் பகுதி' 'அந்தப் பகுதி' என்றே
பேசிக்கொண்டிருந்தார்.
நான் எழுந்து முலை என்றேன்.
நான்கு தடவை.
எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.
எழுதுங்கள் என்றேன்.
எழுதினார்."

பிறகு இஸொலினாவைப் பார்த்தாள்,
தரையில் கிடந்த வாரைப் பார்த்தாள்.
மேல்கோட்டைக் கழற்றி
உள்தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.
தோளை எடுப்பாகக் காட்ட வைத்துத் தைக்கும்
அரைநிலாப் பஞ்சு.
அதை வாருக்கு அடியில் செருகினாள்.
இன்னும் கொஞ்சம் கீழே, என்றாள் இஸொலினா.
இன்னும். அங்கேதான்.

தோல் காய்ந்திருந்தது.
நெல்பா விரலால் தட்டிக் கேட்டாள்.
நெருப்பை மிதித்து அணைத்துவிட்டு
ஈரமான கல்பாவிய தெருவில் இறங்கினோம்.

முதல் திருப்பம் வரை இஸொலினா
ஒன்று விட்டு ஒன்றுதான் அடித்தாள்.
நான் என் காலியிடத்தைக் காத்துக்கொண்டு வந்தேன்.
இரண்டாம் திருப்பத்தில்
பின்னாலிருந்து பியானோ எழுந்து
என் முதுகெலும்பில் வந்து மோதியது.
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்தால் தாளம் போய்விடும்.

மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது.
வாளி எதுவும் வரவில்லை.

பக்கத்தில் ஸுல்மா,
ஒரு தோள் உயர்ந்தும் ஒரு தோள் சரிந்தும்
கோணலாகத் தொங்கும் கோட்டோடு
அடித்துக்கொண்டே கத்தினாள்:
"இது என் நாத்தனாருடையது,
திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்!"